விரத வேட்டியும் முட்டை மாத்திரையும்

அன்னக்கொடிக்கு மாதவிலக்கு என்பது வானம் பார்த்த பூமிக்கு வரும் மழை மாதிரி. வந்தால் கொட்டித் தீர்க்கும். வராவிட்டால் நான்கைந்து மாதம் எட்டிக்கூடப் பார்க்காது. கல்யாணமான புதிதில் முதல் தடவை தள்ளிப்போனபோது, மாமியார் சீனியம்மாள் செக்கானூரணிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பை மாங்காயோடு பஸ் ஏறிப் பழங்காநத்தத்தில் இருந்த அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டாம் தடவை அரைப் பை. மூன்றாம் தடவை, "வெறும் மூட்டந்தேன், இது எங்கிட்டு மழையாப் பேயப் போகுது?" என்று ஊரிலேயே இருந்துகொண்டாள்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போனது.

நெல்பேட்டையில் அன்னக்கொடிக்கும் அவள் புருஷன் வெள்ளைத்துரைக்கும் பழைய சாக்குக் கடை. அரிசி மண்டி, ரேஷன் கடை, சீனி வியாபாரம் என்று மூன்று சக்கர வண்டியில் சுற்றிக் காலிச் சாக்குகளை அவன் அள்ளிக்கொண்டு வருவான். அவள் உதறி, ஓட்டை பார்த்து, கோணி ஊசியால் தைத்து அடுக்குவாள். கடைக்குள் எப்போதும் சணல் தூசி பறந்துகொண்டிருக்கும். அந்தத் தூசியையும் கிழித்துக்கொண்டு அவள் சிரிப்பு தெருமுனை வரை போகும்.

அகலமான தோள், கனத்த உடம்பு. நாடியில் நாலைந்து முடி முளைப்பதும், அவற்றைச் சின்னச் சாமணத்தால் அவள் பிடுங்குவதும் வழக்கம். மண்டிக்காரர் ஒருவர் ஒருநாள், "என்னத்தா, மீசை வைக்கப் போறியா?" என்று வாயைக் கொடுத்தார். "வச்சா என்னண்ணே? எங்க வீட்டுல ஒரு ஆளுக்காச்சும் மீசை அடர்த்தியா இருக்கட்டும்" என்றாள். வெள்ளைத்துரைக்கு மீசை பூனை முடி. அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

ஆனால் பிள்ளை விஷயத்தில் அவள் சிரிப்பு அவ்வளவு தூரம் போகாது. ஊருக்காகவோ மாமியாருக்காகவோ அல்ல, அவளுக்கே பிள்ளை வேண்டும். அந்த ஆசையை யாரிடமும் அவள் மறைத்ததில்லை. கோயில் கோயிலாக வெள்ளைத்துரை நேர்ந்துகொண்டிருக்க, எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் அவளே ஒரு முடிவெடுத்து வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த டாக்டர் ரோசலின் ஜெபமணியின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஸ்கேன் மிஷின் புதிதாக வந்திருந்தது. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் உள்ளே இருப்பது தெரியுமாம். அதனால் பெண்கள் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டும், கால்களை இறுக்கிக்கொண்டும் இருந்தார்கள்.

"இன்னொரு சொம்பு குடிக்கணுமாம்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"இதுக்கு மேல குடிச்சா வைகையில தண்ணி வந்துரும்க்கா" என்றாள் அன்னக்கொடி.

அந்தப் பெண் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாவே! சிரிக்க வைக்காதடி, இங்கயே மானம் போயிரும்."

அவள் பெயர் மைதீன் பீவி. புருஷன் யூனுஸ் முனிச்சாலைப் பக்கம் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான். அவளுக்கும் இதே கோளாறுதான். சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். டாக்டர் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள் இரண்டைச் சேர்த்து அதற்குப் பெயர் சொன்னார். பெஞ்சில் எல்லோரும் நீர்க்கட்டி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

"உள்ள முட்டை இல்லாம இல்லம்மா" என்று டாக்டர் அன்னக்கொடிக்கு விளக்கினார். "நெறைய இருக்கு. எதுவும் பாதிக்கு மேல வளர மாட்டேங்குது, வெளிய வர மாட்டேங்குது. அதை வளர வைக்க மூணு வழி இருக்கு. ஒண்ணு மாத்திரை. அது மூளைகிட்ட, 'சத்து பத்தலை, உத்தரவு போடு'ன்னு சொல்லும். மூளை சினைப்பைக்கு உத்தரவு போடும். ரெண்டாவது ஊசி. அந்த உத்தரவையே நேரா உடம்புல ஏத்துறது. மூணாவது ஆபரேஷன். சினைப்பையில ஒரு துண்டை வெட்டி எடுத்தா சில பேருக்குத் தானா வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆனா உள்ள புண்ணு ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கலாம்."

அன்னக்கொடி யோசித்தாள். "மாத்திரைன்னா தலையாரிய விட்டு ஒரு ஆளைக் கூப்பிட்டு விடுறது. ஊசின்னா நடுத்தெருவுல நின்னு கொட்டடிக்கிறது. ஆபரேஷன்னா கதவை ஒடைக்கிறது. அப்படித்தான டாக்டரம்மா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படித்தான். உங்க மாதிரி சினைப்பையில கொட்டடிச்சா ஊரே கெளம்பி வந்துரும். அதான் பயம்."

அது மைதீன் பீவிக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. அவளுக்கு மாத்திரை கேட்கவே இல்லை. வெளியூரில் ஒரு இடத்தில் ஊசியை எடுத்த எடுப்பிலேயே பெரிய அளவில் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வளர்ந்து, வயிறு உப்பி, மூச்சு வாங்கி, படுக்கையில் கிடந்துதான் எழுந்தாள். ஜெபமணி டாக்டர் இப்போது கொஞ்சமாக ஆரம்பித்து, பொறுத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் கூட்டி என்று மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊசி எதுல செய்றாக தெரியுமா?" என்று மைதீன் பீவி ஒருநாள் அன்னக்கொடியின் காதில் சொன்னாள். "சீமையில, தீட்டு நின்னுபோன பொம்பளைகளோட மூத்திரத்துல இருந்து எடுக்குறாகளாம். டாக்டரே சொன்னாக."

"நெசமாவா? எங்க மாமியாகிட்டப் பிடிச்சிருந்தா ஊசியில காரம் தாங்காதுக்கா."

பெஞ்சே குலுங்கியது. நர்ஸ் வந்து, சிரிக்கிறவர்கள் வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்னக்கொடிக்கு மாத்திரைதான் முதலில். அதற்கு முன்னால் மாதவிலக்கு வரவேண்டும். தானாக வராததால் அதை வரவழைக்கவே ஒரு மாத்திரை. அது வந்த பிறகு முட்டை மாத்திரை. கார்த்திகையில் முதல் சுற்று. ஸ்கேனில் பார்த்த டாக்டரின் முகம் மலர்ந்துபோனது.

"நல்லாக் கேட்டிருக்கும்மா! ஒரே ஒரு முட்டை, அரிநெல்லிக்காய் கணக்கா வளர்ந்திருக்கு. இன்னைக்கு, நாளைக்கு, மறுநா. வீட்டுக்காரரை விட்டுத் தள்ளிப் படுக்காத. புரியுதா?"

அன்னக்கொடி தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போனாள். வீட்டில் வெள்ளைத்துரை கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் துளசி மாலையோடு, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளை வரம் கேட்டுச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவனைப் பெண்டாட்டியே 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சாமி, சாப்பிட வாங்க" என்றாள் அன்னக்கொடி. வேறு எதற்கும் கூப்பிடவில்லை.

அவளுக்கு அதில் பெரிய கவலையும் இல்லை. மாத்திரை வேலை செய்துவிட்டது, முட்டை வந்துவிட்டது. வந்த முட்டை எங்கே போய்விடும்? கோழி இட்ட முட்டை கூடையில் கிடக்கிற மாதிரி உள்ளே கிடக்கும், சாமி மலை இறங்கி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாத்திரைகூட, வயலுக்குப் போட்ட உரம் மாதிரி உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் என்பது அவள் எண்ணம்.

பிள்ளை நிற்கவில்லை. "ஒரு மாசத்துல என்ன, பாப்போம்" என்றார் டாக்டர். 'வேண்டுதல் போதவில்லை' என்றான் வெள்ளைத்துரை. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை என்று பச்சை வேட்டி கட்டினான். அந்தச் சுற்றிலும் முட்டை அழகாக வளர்ந்தது. மாசியில் குலதெய்வத்துக்குப் படையல் வைக்கப் போக வேண்டும், அதற்குக் காவி வேட்டி. மூன்றாம் சுற்று முட்டை இன்னும் அழகு. ஒவ்வொரு தடவையும் பிள்ளை நிற்காதபோது அவன் இன்னும் கடுமையாக விரதம் இருந்தான். விரதம் கடுமையானதால் பிள்ளை நிற்கவே வழியில்லாமல் போனது.

பங்குனி தொடக்கத்தில் டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூணு தடவை முட்டை வந்திருக்கு. உன் வீட்டுக்காரருக்கு ஐப்பசியிலயே பரிசோதனை பண்ணியாச்சு, குறை இல்ல. அப்புறமும் நிக்கலைன்னா உள்ள வேற ஏதோ அடைப்பு இருக்கணும். வயித்தைத் திறந்து பாத்துருவோம். அப்படியே சினைப்பையில ஒரு துண்டும் எடுத்துருவோம். யோசிச்சுச் சொல்லு."

கதவை உடைக்கப் போகிறார்கள். அன்னக்கொடி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கத்திக்குக்கூட அவள் பயப்படவில்லை. வெட்டின இடம் ஒட்டிக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடுமே என்பதுதான் பயம்.

மைதீன் பீவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, வாசலில் வண்டியோடு நின்ற வெள்ளைத்துரையை எட்டிப் பார்த்தாள்.

"அன்னம், நானும் கேக்கணும்னு இருந்தேன். உன் வீட்டுக்காரரு கறுப்புல வந்தாரு, பச்சையில வந்தாரு, இப்பக் காவியில நிக்கிறாரு. அவருக்கு வெள்ளை வேட்டியே இல்லையா?"

"அது விரதம்க்கா. பிள்ளைக்காகத்தான் இருக்காக."

"விரதம்னா? ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலயுந்தேன். பக்கத்துலயே வரமாட்டாக."

மைதீன் பீவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடி பைத்தியமே! நாங்களும்தான் முப்பது நோன்பு பிடிக்கிறோம். பொழுது சாஞ்சு நோன்பு தொறந்தாச்சுன்னா எல்லாத்துக்கும் அனுமதி இருக்கு. மூணு தடவையும் ஆளே பக்கத்துல வரலையா? அப்புறம் எதுக்குடி ஆபரேஷனு? போய் டாக்டர்கிட்டச் சொல்லு."

"முட்டை உள்ளதான்க்கா இருக்கும்?"

"எங்க இருக்கும்? அது ஒரு நாளு தங்குனாலே பெருசு."

அன்னக்கொடி விரல்விட்டு எண்ணினாள். மூன்று அரிநெல்லிக்காயும் வீணாகப் போயிருந்தன.

ஆனால் உடனே டாக்டரிடம் அதைச் சொல்லப் போகவில்லை. சாமி காரியத்தை, அதிலும் இந்தக் காரியத்தை, எப்படி வாய் திறந்து சொல்வது? முதலில் வீட்டில் சரிசெய்துகொண்டு, மாத்திரையில் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாள். காரணம் சொல்லாமல் அவள் கேட்டதற்கு டாக்டரும் அரைமனதோடு, "சரி, கடைசியா ஒரு தடவை" என்றார். கணக்குப் பார்த்தால் அது பங்குனி மாரியம்மன் பொங்கலில் வந்து விழுந்தது. வெள்ளைத்துரை ஊரில் தீச்சட்டி எடுப்பதாக ஏற்கெனவே நேர்ந்திருந்தான். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வீட்டு வாசற்படிக்குள்ளும் பெண்டாட்டியோடு பேச்சு அளவுதான்.

அன்னக்கொடி பஸ் ஏறி ஊருக்குப் போனாள். மாமியார் வீட்டு முற்றத்தில் வெள்ளைத்துரை தீச்சட்டிக்கு மண் கலயம் பார்த்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் கருத்தக்கண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான்.

"மாமா, இந்த வருசம் சட்டிய ஒங்க தம்பி எடுக்கட்டும்" என்றாள்.

"என்ன பேசுற நீ? என் நேர்த்திய நாந்தேன் செலுத்தணும்."

"அவருக்கு என்ன கஷ்டம்? பொண்டாட்டி பிள்ளை பெத்து ஆத்தா வீட்டுல இருக்கா. வாரதுக்கு இன்னும் மாசக்கணக்கு ஆகும். அவரு விரதம் இருந்தாலும் ஒண்ணுதேன், இல்லாட்டியும் ஒண்ணுதேன்."

கருத்தக்கண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "மதினி சொல்றது நாயந்தானண்ணே. நான் சும்மாதான கெடக்கேன்."

"வாயை மூடுறா."

அன்னக்கொடி குரல் உயர்ந்தது. "சாமிகிட்ட என்ன கேட்டீக? பிள்ளை கேட்டீக. மூணு தடவை குடுக்க வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க கலர் வேட்டியக் கட்டிக்கிட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்திருந்தீக. இது யாரு குத்தம் மாமா? சாமி குத்தமா, மாத்திரை குத்தமா? என் வயித்தை அறுக்கப் போறாக!"

வெள்ளைத்துரை கலயத்தைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இதுவரை இதை அவன் இப்படிப் பார்த்ததே இல்லை என்பதுதான் தெரிந்தது.

சீனியம்மாள்தான் வழி சொன்னாள். "ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டுறீக? ஆத்தாகிட்டப் பூக்கட்டிப் பாப்போம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வெள்ளைத்துரையே காப்புக் கட்ட வேண்டும், சிவப்பு வந்தால் தம்பி கட்டலாம். அன்னக்கொடி கண்ணை மூடி, 'ஆத்தா, நீயும் பொம்பளைதான' என்று மனசுக்குள் சொன்னாள். பூசாரி எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அவள் பஸ் ஏறித் திரும்பி வந்தாள். ஆத்தாவை மீற அவளுக்கும் மனசு இல்லை. மறுநாள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே கறுப்பு, பச்சை, காவி, இனி வரப்போகிற மஞ்சள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

டாக்டர் முதலில் திகைத்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா, இதை முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே டாக்டரம்மா. அதும் போக நீங்க வேதக்காரவுக. எங்க சாமி விசயத்தை எப்படிச் சொல்றது?"

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "நெசந்தான். கேக்காதது என் தப்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உன் மேல கத்தி வச்சிருப்பேன்." அவர் சுவர்க் காலண்டரை எடுத்து மேசையில் போட்டார். "சரி, உங்க ஆத்தா என்னைக்குக் காப்பு அவுக்கிறா?"

"பொங்கல் முடிஞ்சு அடுத்த செவ்வாய்."

"அப்ப அதுக்கப்புறம் ஆரம்பிப்போம்."

"தேதிய மாத்த முடியுமா?"

"உனக்குத்தான் முடியும்! மத்தவங்களுக்கு அது தானா வரும், தள்ளிவைக்க முடியாது. உனக்கு நான் மாத்திரை குடுத்தாத்தான் வரும். என்னைக்குக் குடுக்கணும்ங்கிறது என் கையில. சாமி தேதிய மாத்த வேண்டாம், நம்ம தேதிய மாத்திக்குவோம்."

ஒன்பது வருஷமாகத் தன்னைப் படுத்திய கோளாறு முதல்தடவையாக ஓர் உதவி செய்திருப்பதை அன்னக்கொடி நம்பமுடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் எடை, ரத்த அழுத்தம் பார்க்கும்போதே நர்ஸ், "வீட்டுக்காரர் மாலை போட்டிருக்காரா, காப்புக் கட்டியிருக்காரா?" என்றும் கேட்க ஆரம்பித்தாள்.

வெள்ளைத்துரை மஞ்சள் வேட்டியில் தீச்சட்டி எடுத்தான். காப்பு அவிழ்த்தான். பழங்காநத்தத்துக்கு வெள்ளை வேட்டியில் வந்து சேர்ந்தான். அந்தச் சுற்று முட்டை வந்தது, அவனும் இருந்தான், ஆனாலும் நிற்கவில்லை. அந்த ஒருநாள் மட்டும் அன்னக்கொடி கடை திறக்கவில்லை.

"நீ நெசமா முயற்சி பண்ணினது இந்த ஒரு மாசந்தான்மா. ஆபரேஷன் பேச்சை இப்போ எடுக்கவே வேண்டாம்" என்றார் டாக்டர். அடுத்த சுற்றுக்கு வெள்ளைத்துரையே முன்னால் வந்து நின்று, தலையைச் சொறிந்தான். "டாக்டரம்மா, அழகர் ஆத்துல எறங்குறப்பத் தண்ணி பீய்ச்சுறதா ஒரு நேர்த்தி இருக்கு. அதுக்குக் கொஞ்ச நாளு விரதம். மருந்தை அதுக்குப் பின்னாடி வச்சுக்கிறலாங்களா?" டாக்டர் காலண்டரை எடுத்தார்.

ஆனி மாதம் ஒரு காலையில் ஸ்கேன் அறையிலிருந்து அன்னக்கொடி வெளியே வந்தாள். திரையில் ஏதோ ஒன்று துடித்ததைப் பார்த்திருந்தாள். பெஞ்சில் மைதீன் பீவி இருந்தாள். அவளுக்கு ஊசி இன்னும் நடந்துகொண்டிருந்தது. போன சுற்றில் ஒன்றே ஒன்று பதமாக வளர்ந்திருந்தும் நிற்கவில்லை. அவள் முன்னால் எப்படிச் சொல்வது என்று அன்னக்கொடி புடவை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"வாயைத் தொறந்து சொல்லேன்டி" என்றாள் மைதீன் பீவி. "என் கண்ணு பட்டுருமா? தலையாரி போயி உன் ஆளைக் கூட்டியாந்துட்டான். என் தெருவுல இன்னும் கொட்டடிச்சுக்கிட்டுத்தான் இருக்காக. வரத்தான செய்யணும்? இன்ஷா அல்லா, வரும்."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். இந்தத் தடவை நர்ஸ் யாரையும் அதட்டவில்லை.

வாசலில் வெள்ளைத்துரை வண்டி நிறையச் சாக்கோடு நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு சாக்குக் கட்டுகளை இழுத்துச் சமப்படுத்தி, மெத்தை மாதிரி ஆக்கினான்.

"ஏறி உக்காரு."

"பஸ்ஸுல போயிர்றேன் மாமா. ஊரு பாக்கப் போகுது."

"பாக்கட்டும். பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடும்."

அவள் சாக்கு மேல் ராணி மாதிரி உட்கார்ந்தாள். அவன் ஏறி மிதிக்கவில்லை. இறங்கி, கைப்பிடியைப் பிடித்து, குண்டு குழி பார்த்துத் தள்ளிக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் மேலேயிருந்து அவனைத் திட்டினாள். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. அவன் ஒதுங்கவில்லை. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"என்னண்ணே, சாக்கு வண்டிய இம்புட்டு மெதுவா உருட்டுறீக? கண்ணாடிச் சரக்கா?"

"ஆமா மாப்ள" என்றான் வெள்ளைத்துரை, திரும்பிப் பார்க்காமலேயே. "ஒடையுற சரக்கு. சுத்திப் போ."